பூசணிக்கொடி மேல் கான்கிரீட்

எங்கள் குடியிருப்பில் அந்த அக்காவுக்குப் பெயர் மிளகாய். அவர் காதில் விழாமல் பார்த்துக்கொள்கிறோம் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தோம். ஒருநாள் படிக்கட்டில் யாரோ பேச்சுவாக்கில் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டபோது, "பரவாயில்ல, சுரைக்காய்னு வைக்காம விட்டீங்களே. உப்பு சப்பில்லாம வாழ்ந்து என்ன செய்ய?" என்று சொல்லிவிட்டு மேலே ஏறிப் போனார்.

அரசு மருத்துவமனையின் சலவைப் பிரிவில் அவருக்கு வேலை. காலை ஆறு மணிக்கு உள்ளே போனால் மூன்று மணிக்குத்தான் வெளியே வருவார். வார்டுகளிலிருந்து வரும் போர்வைகளையும் விரிப்புகளையும் கறை வாரியாகப் பிரித்து, ஆளுயர இயந்திரங்களில் போட்டு எடுத்து, சூடான உருளையில் விட்டு மடித்து அடுக்க வேண்டும். ஒருமுறை மூட்டைக்குள் கிடந்த ஊசி, உடன் வேலை பார்த்த பெண்ணின் உள்ளங்கையில் ஏறிவிட்டது. மேற்பார்வையாளர், "எழுதிக் குடுங்க, பார்க்கலாம்" என்றார். அக்கா எழுதிக் கொடுக்கவில்லை. ரத்தக்கறையோடு அந்த விரிப்பை எடுத்துக்கொண்டு அறுவைப் பிரிவுக்குப் போய், பெரிய டாக்டர் டீ குடித்துக்கொண்டிருந்த மேஜைமேல் விரித்து, நடுவில் ஊசியை வைத்துவிட்டு வந்தார். அந்த வாரமே ஒவ்வொரு வார்டுக்கும் பயன்படுத்திய ஊசியைப் போட்டுவைக்கத் தனி டப்பா வந்தது. அக்காவுக்கு ஒரு மாதம் தண்டனையாகப் பிணவறைத் துணி வந்தது. இரண்டையும் அவர் ஒரே மூச்சில்தான் சொல்வார்.

அவர் கணவர் டவுன் பஸ் ஓட்டுபவர். அவரை எல்லோரும் டிரைவர் அண்ணன் என்போம். அக்கா இடி என்றால் அவர் தூறல். ஒருநாள் டிப்போவில் பஸ்ஸை நிறுத்திவிட்டு இறங்கியவர் படியிலேயே சரிந்து விழுந்தார். சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டும் எக்கச்சக்கம். பஸ் ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கூடவே உணவு ஆலோசகர் ஒருவர் வழவழப்பான தாளில் ஒரு பட்டியல் கொடுத்தார். இனிமேல் இறைச்சியைக் குறைத்து, செடி கொடி தருவதைச் சாப்பிட வேண்டுமாம். அவகாடோ, ப்ரோக்கோலி, கினோவா, பாதாம் பால், ஆலிவ் எண்ணெய் எல்லாமே கலர் படத்தோடு இருந்தன.

அக்கா அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணாடிக் கதவு போட்ட பெரிய கடைக்குப் போனார். ஒரு அவகாடோவின் விலை அவருடைய அரைநாள் கூலி. அதை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு நேராக மருத்துவமனைக்குத் திரும்பி வந்தார். ஆலோசகர் அறைக்கு வெளியே இருந்த வரிசையைப் பற்றிக் கவலைப்படவில்லை.

"இந்தத் தாளை எழுதினது யாரும்மா?"

ஆலோசகர் சின்னப் பெண். வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்காது. "மேலிடத்துல இருந்து அச்சடிச்சு வர்றதுங்க."

"மேலிடம் கடைக்குப் போயிருக்கா? இந்த விலையில வாங்கினா, அவர் சாப்பிடுவார், நாங்க எல்லாரும் அவர் வாயைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கணும். சரி, அதை விடு. இதுல இருக்கறதுல நீ எதைம்மா இன்னிக்கு மத்தியானம் சாப்பிட்டே?"

அந்தப் பெண்ணின் மேஜை ஓரத்தில் கேன்டீன் பன் ஒன்று காகிதத்தில் சுற்றியபடி இருந்தது. இரண்டு பேருமே அதைப் பார்த்தார்கள். அந்தப் பெண்ணின் முகம் சிவந்துவிட்டது. பிறகு அந்தத் தாளைத் திருப்பிப் போட்டு, வெற்றுப் பக்கத்தில் பேனாவால் எழுத ஆரம்பித்தார். பயறு, பருப்பு, கொண்டைக்கடலை, காராமணி, ஏதாவது ஒரு கீரை தினமும், முட்டைக்கோஸ், பூசணி, வெண்டை, கொய்யா. "அந்தப் பக்கத்துல இருக்கற சத்தெல்லாம் இதுலயும் இருக்குங்க. வெள்ளை மாவைக் குறைங்க. தட்டுல பாதி காய் இருக்கணும்."

"இதை முதல்லயே சொல்ல என்ன கேடு? ஏட்டுச் சுரைக்காயைக் காட்டி ஏழையை ஏன் அழ வைக்கிறீங்க?"

"எனக்கே இப்பதாங்க உறைச்சுது" என்றார் அந்தப் பெண். அக்கா இதுவரை திட்டியவர்களில், திட்டிய பிறகு அவருக்குப் பிடித்துப்போன ஒரே ஆள் அவர்தான்.

வீட்டில் பயறு முளைகட்ட ஆரம்பித்தது. காலையில் வேலைக்குக் கிளம்பும் முன்பே காராமணியை வேகப்போட்டு இறக்கிவிடுவார். வெங்காயமும் தக்காளியும் வதக்கி, கீரையை மசித்து, பூசணியைத் தோலோடு போட்டு, தட்டை நிரப்பிவிடுவார். டிரைவர் அண்ணன் முதல் மாதம் முழுக்க முனகினார்.

"நான் என்ன ஆடா? எப்பப் பார்த்தாலும் தழையையே போடறே."

"ஆடா இருந்திருந்தா சொல்பேச்சு கேட்டிருப்பீங்க. டிப்போவுல விழுந்திருக்க மாட்டீங்க. சாப்பிடுங்க."

நான்காவது மாதம் ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை நன்றாக இறங்கியிருந்தது. ஓட்டுநர் சீட்டு திரும்பக் கிடைக்கவில்லை. ஆனால் டிப்போவில் நேரம் குறிக்கும் வேலை கொடுத்தார்கள். அதற்குள் அண்ணனுக்கே நாக்கு பழகிவிட்டது. கீரை இல்லாத நாளில் தட்டைப் பார்த்து, "என்ன இன்னிக்கு வெறிச்சோடிக் கிடக்கு?" என்று கேட்டாராம்.

கீரைதான் அக்காவின் அடுத்த கோபம். சந்தையில் வாங்கினால் பாதி அழுகல். மீதியைச் சாக்கடை ஓரக் குழாயில் நனைத்து விற்கிறார்கள். "காசு குடுத்து காய்ச்சலை வாங்கறதுக்கு நானே போட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை கடப்பாரையோடு கட்டடத்துக்குப் பின்னால் போனார்.

எங்கள் கட்டடம் நான்கு மாடி. இருபத்து நான்கு வீடு. எல்லோரும் வாடகைக்கு இருப்பவர்கள். உரிமையாளர் எங்கோ வெளியூரில் இருக்கிறார். அவர் சார்பில் ஒரு மேனேஜர் வந்து அதிகாரம் செய்வார். பின்புறம், மோட்டார் அறைக்கும் மதிலுக்கும் நடுவில் ஒரு நீள இடம் சும்மா கிடந்தது. சும்மா என்றால் சும்மா இல்லை. கட்டடம் கட்டியவர்கள் விட்டுப்போன செங்கல் துண்டு, கண்ணாடி, துருக்கம்பி, அதன்மேல் நாங்கள் இத்தனை வருடம் ஜன்னல் வழியாக எறிந்த குப்பை. அதை அவர் ஏழு மாதம் அள்ளினார். மூன்று மணிக்கு வேலையிலிருந்து வந்து, டீ குடித்து, ஐந்தரை வரைக்கும் அள்ளுவார். மேலே இருந்து பார்த்துச் சிரித்தோம். நானும் சிரித்திருக்கிறேன். ஒருநாள் நிமிர்ந்து பார்த்து, "சிரிக்கறவங்க ஒரு சாக்கு பிடிச்சுக்கிட்டும் சிரிக்கலாம்!" என்று கத்தினார். ஜன்னல்கள் மூடின.

நான் ஏசி மெக்கானிக். மூன்றாம் மாடியில் இருக்கிறேன். அவர் மண்ணைக் கொண்டுவந்து கொட்டி, சந்தைக் கழிவை மக்கவைத்துக் கலந்து, பாத்தி கட்டிய பிறகு தண்ணீருக்குத் திண்டாடினார். குழாயில் எடுத்தால் மேனேஜர் சத்தம் போட்டார். அப்போதுதான் எனக்குத் தோன்றியது: கட்டடத்தின் பின்சுவரில் ஒன்பது ஏசி தொங்குகிறது. ஒவ்வொன்றும் பகலெல்லாம் சொட்டிச் சுவரைப் பாசியாக்குகிறது. ஒரு விடுமுறை நாளில் ஒன்பதுக்கும் மெல்லிய குழாய் மாட்டி, கீழே ஒரு டிரம்மில் கொண்டுவந்து சேர்த்தேன். மாலைக்குள் டிரம் பாதி நிரம்பிவிட்டது. அக்கா அதில் கையை விட்டுப் பார்த்தார்.

"தம்பி, உன் மூளை ஜில்லுனுதான் இருக்கு" என்றார். அவர் வாயிலிருந்து யாரும் அவ்வளவு பெரிய பாராட்டு வாங்கியதில்லை என்று டிரைவர் அண்ணன் பிறகு சொன்னார்.

முதலில் கீரை வந்தது. பிறகு வெண்டை, கத்தரி, தக்காளி. ஜன்னல் கம்பியில் கயிறு கட்டி ஏற்றிய அவரைக்கொடி. மதில் ஓரம் முழுக்கப் பூசணி. அவருக்கு வேண்டியதைவிட அதிகமாகவே விளைந்தது. ஒவ்வொரு வீடாகப் போய்த் தட்டிக் கொடுக்க ஆரம்பித்தார். ஒருநாள் குப்பைத் தொட்டியில் தன்னுடைய கீரைக்கட்டு வாடிக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, அதை எடுத்து, எறிந்த வீட்டுக் கதவிலேயே மாட்டிவிட்டு வந்தார். அதற்குப் பிறகு யார் வீட்டுக்கும் போகவில்லை. வேண்டுபவர்கள் கீழே வர வேண்டும், ஒரு கூடை களை பிடுங்க வேண்டும், சமைக்கிற அளவு பறித்துக்கொள்ளலாம். இது ஒன்றுதான் சட்டம். மாதக் கடைசியில் காய் வாங்கவே யோசிக்கிற வீடுகள் எங்கள் கட்டடத்தில் பாதிக்கு மேல். பதினொரு வீட்டு அடுப்பில் அந்த மண்ணிலிருந்து வந்தது வெந்தது. என் வீடும் அதில் ஒன்று. என் மனைவி குறைப்பிரசவம் ஆகி ரத்தம் குறைந்து கிடந்தபோது, அக்கா எந்தக் களையும் பிடுங்கச் சொல்லாமல் தினமும் ஒரு கட்டுக் கீரையை எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போனார்.

இனி வருவதைச் சொல்ல எனக்கு வாய் கூசுகிறது. ஆனாலும் சொல்கிறேன்.

மேனேஜர் ஒரு மாலை எல்லோரையும் கீழ்ப் படிக்கட்டில் கூட்டினார். பின்பக்கத்துக்குக் கான்கிரீட் போட்டு ஆறு வண்டி நிறுத்த இடம் செய்யப்போவதாகவும், இருப்பவர்கள் சம்மதித்தால் வாடகை இந்த வருடம் ஏறாது என்றும் சொன்னார். "செடிதானே? தொட்டியில வெச்சுக்கலாம். கையைத் தூக்குங்க" என்றார்.

எனக்கு ஒரு பழைய வேன் வாங்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. தெருவில் நிறுத்தினால் பின்கதவை உடைத்துக் கருவிகளைத் திருடுகிறார்கள். இரண்டாம் முறையும் உடைத்திருந்தார்கள். இதெல்லாம் காரணம்தான், ஆனால் காரணம் வேறு, நியாயம் வேறு. என் கை மேலே போனது. பத்தொன்பது கைகள் மேலே போயிருந்தன.

அக்கா ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். என் முன்னால் நின்றார்.

"நேத்து என் வெண்டைக்காயைப் பறிச்ச கைதானே இது?"

நான் கையை இறக்கவில்லை. இறக்கினால் இன்னும் அசிங்கம் என்று பட்டது. அப்படியே தூக்கிப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தேன்.

"நல்லா உசரத் தூக்கு தம்பி. எல்லாரும் பார்க்கட்டும்" என்றார்.

மேனேஜர் அவருக்கு ஞாயிற்றுக்கிழமை வரை நேரம் கொடுத்தார். விளைந்ததை எடுத்துக்கொள்ளலாம் என்றார். ஆனால் வியாழக்கிழமை காலை, அக்கா வேலையில் இருக்கும்போதே கலவை லாரி வந்துவிட்டது. செடிகளைப் பிடுங்கக்கூட இல்லை. மிதித்துச் சாய்த்துவிட்டு, மேலே ஜல்லி கொட்டி, கான்கிரீட்டை ஊற்றினார்கள். காம்பு காய இன்னும் பத்து நாள் இருந்த பூசணிக்காய்களை ஓரமாக உருட்டிவிட்டு, கொடிமேல் ஊற்றினார்கள். டிரம்மைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து மேனேஜர் வேலையைப் பார்வையிட்டார்.

மூன்றேகாலுக்கு அக்கா சலவைச் சீருடையோடு வந்தார். மூலையில் நின்று ஒரு கணம் பார்த்தார். பிறகு நேராக ஈரக் கான்கிரீட்டுக்குள் இறங்கினார். கணுக்காலுக்கு மேல் புதைய நடந்து போய், இன்னும் நுனி தெரிந்துகொண்டிருந்த கொடிகளை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார்.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கறதைக் கேள்விப்பட்டிருக்கேன்டா! கான்கிரீட்டுல மறைக்கறதை இப்பதான்டா பார்க்கறேன்! ஞாயித்துக்கிழமைன்னு சொன்ன வாய் எங்கடா? இதைத் தின்னு வளர்ந்த புள்ளைங்க மேல ஜன்னல்ல நின்னு பார்க்குதுடா!"

மேனேஜர் எழுந்து மதில் பக்கமாக நகர்ந்துவிட்டார். கொத்தனார் மட்டும்தான் பதறினார். "அம்மா, வெளிய வாங்கம்மா! அது சிமெண்டும்மா, கால் வெந்துடும்! தோலைத் தின்னுடும்மா!" என்று கெஞ்சிப் பார்த்தார். கேட்கவில்லை என்றதும் அவரும் இறங்கி, அக்காவின் இடுப்பைப் பிடித்துத் தூக்கி வெளியே கொண்டுவந்து, குழாயடியில் உட்காரவைத்துக் காலில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தார். தாமதமாகிவிட்டது. இரண்டு காலிலும் ஷூவுக்கு மேலே தோல் வெந்து உரிந்துவிட்டது. அவரே துவைத்து மடித்த விரிப்பில் அவர் பன்னிரண்டு நாள் படுத்திருந்தார்.

நான் பார்க்கப் போனேன். ஒரு பை ஆரஞ்சுப்பழம் வாங்கிக்கொண்டு போனேன். அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். டிரைவர் அண்ணன் வாசல்வரை வந்து, பையை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். அந்த மனிதர் அதட்டி நான் அதுவரை கேட்டதில்லை.

"அவ திட்டியிருந்தா உனக்கு நிம்மதியா இருந்திருக்கும். அதான் திட்டல. போ."

என் வேன் புது கான்கிரீட்டின்மேல் நின்றது. பின்கதவை யாரும் உடைக்கவில்லை. ஒவ்வொரு நாளும் அதை எடுக்கும்போது சக்கரத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

கட்டுப் பிரித்த மறுநாள் அக்கா நகராட்சி அலுவலகத்துக்குப் போனார். எங்கள் கட்டடத்துக்கு அனுமதி கொடுத்த வரைபடத்தின் நகல் வேண்டும் என்று கேட்டார். குமாஸ்தா, "நீங்க உரிமையாளரா?" என்றார். "குடியிருக்கறவ." "அப்ப தர முடியாது." மறுநாளும் போனார். "படிவம் தீர்ந்துடுச்சு" என்றார்கள். மூன்றாம் முறை "அதிகாரி லீவு." நான்காம் முறை அக்கா புண் ஆறாத காலைப் பெஞ்சில் நீட்டி வைத்துக்கொண்டு, "இது ஆறறதுக்குள்ள வந்தா போதும், நான் இங்கயே இருக்கேன்" என்று உட்கார்ந்துவிட்டார். மருந்து வாசனை தாங்காமலோ என்னவோ, ஒரு மணி நேரத்தில் நகல் கைக்கு வந்தது.

அதில் பின்பக்க நீள இடத்துக்கு நேரே தெளிவாக எழுதியிருந்தது: மழைநீர் இறங்கத் திறந்த மண்ணாகவே விடப்பட வேண்டும். அக்கா அதைப் பெரிதாக நகல் எடுத்துக் கீழ்ப் படிக்கட்டுச் சுவரில் ஒட்டினார். மேனேஜர் கிழித்தார். அவர் திரும்ப ஒட்டினார். ஆறு தடவை மேனேஜர் கிழிக்க, ஆறு தடவை அக்கா ஒட்டினார். புகார் கொடுத்தார், ஆய்வுக்கு வருகிறோம் என்றார்கள், யாரும் வரவில்லை.

வந்தது மழைதான். ஒரே பகல், நான்கு மணி நேரம். முன்பெல்லாம் அந்த மண் குடித்துவிடும். இப்போது கூரையிலிருந்து இறங்கிய தண்ணீர் முழுக்கக் கான்கிரீட்டில் விழுந்து, போக வழியில்லாமல், மோட்டார் அறைக்குள்ளும் கீழ்த்தள வீடுகளுக்குள்ளும் புகுந்தது. கீழ் வீட்டு டீச்சரின் கட்டில் மிதந்தது. என் வேனின் இருக்கைவரை தண்ணீர். மோட்டார் எரிந்து, இரண்டு நாள் இருபத்து நான்கு வீட்டுக்கும் குடிக்கத் தண்ணீர் இல்லை. மேனேஜர் போனை எடுக்கவில்லை.

மூன்றாம் நாள், கையைத் தூக்கிய பத்தொன்பது பேரும் அக்கா வீட்டு வாசலில் நின்றோம். டீச்சர்தான் பேசினார். "நாங்க செஞ்சது தப்பு. மன்னிச்சுக்கங்க."

"மன்னிப்பைக் கொண்டுபோய் என்ன, அடுப்புலயா வைக்கறது?" என்றார் அக்கா. "வீட்டுக்குள்ள தண்ணி வந்ததும்தானே உங்களுக்கு வாய் வந்துது? பதினோரு வீட்டுச் சோத்துல மண்ணைப் போட்டப்ப வரலியே? தண்ணி வராம இருந்திருந்தா இன்னிக்கும் இந்த வாசப்படி ஏறியிருப்பீங்களா? ஏறியிருக்க மாட்டீங்க. எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். அதனால இந்த நாடகமெல்லாம் வேண்டாம். கான்கிரீட்டை உடைக்கறதா இருந்தா ஞாயித்துக்கிழமை காலையில ஏழு மணிக்குக் கீழ வாங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை உடைக்கும் இயந்திரத்தோடு வந்தவர், ஊற்றிய அதே கொத்தனார். கூலி வேண்டாம் என்றார். "அந்தம்மா காலை நான் பார்த்தேன்ல" என்று மட்டும் சொன்னார். மேனேஜர் போலீசைக் கூட்டிக்கொண்டு வந்தார். அக்கா வரைபடத்தை நீட்டினார். வந்த காவலர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, "உரிமையாளரை இந்தத் தாளோட ஸ்டேஷனுக்கு வரச் சொல்லுங்க" என்று மேனேஜரிடமே சொல்லிவிட்டுப் போனார். உரிமையாளர் இன்றுவரை வரவில்லை.

யார் என்ன செய்வது என்று அக்கா பிரித்தார். கையைத் தூக்காத மற்ற நான்கு வீட்டுக்காரர்களுக்கு நிழலில் உட்கார்ந்து டீ. தூக்கியவர்களுக்குக் கட்டி சுமக்கும் வேலை. நான் அன்றைக்கு அறுபத்திரண்டு சாக்கு சுமந்தேன். தோள் தோல் உரிந்துவிட்டது. ஒவ்வொரு சாக்குக்கும் அவர் எண்ணிக்கை சொன்னார். கட்டிகளுக்கு நடுவில் நசுங்கிய அவரைக்கொடி கயிற்றோடு அப்படியே ஒட்டிக்கொண்டு வந்தது. நான் அதைப் பிய்த்து எடுக்கப் பார்த்தேன். "அதோடயே சுமந்துட்டுப் போ" என்றார்.

முக்கால்வாசி இடத்தை மீட்டோம். மோட்டார் அறை ஓரம் இரண்டு வண்டி நிற்கிற அளவு கான்கிரீட் இன்னும் இருக்கிறது. அது மேனேஜரின் பிடிவாதம். அதைப் பற்றி அக்கா இப்போதும் புகார் எழுதிக்கொண்டிருக்கிறார். வாடகையும் ஏறியது. கீழே சிமெண்டில் செத்துப்போன மண்ணைத் திரும்ப மண்ணாக்க ஒரு வருடம் ஆனது. அவர் காலில் தழும்பு வெளுத்துப்போய், சூடான இயந்திரம் பக்கத்தில் நின்றால் எரிகிறதாம். அதைச் சொல்லும்போதெல்லாம் எங்களைத்தான் பார்க்கிறார்.

நான் வேனைத் தெருவில் நிறுத்துகிறேன். ஏசிக் குழாய்களைத் திரும்ப மாட்டிக் கொடுத்தேன். அக்கா வேண்டாம் என்று சொல்லவில்லை. மூளையைப் பற்றியும் எதுவும் சொல்லவில்லை. இந்த வாரம்தான் கீரையின் முதல் பறிப்பு. கூடை நிறையக் களை பிடுங்கிக்கொண்டு போய் முன்னால் வைத்தேன். கூடைக்குள் கையை விட்டு அடிவரை கிளறிப் பார்த்தார்.

"பாதி வேரை உள்ளயே விட்டுட்டே. போய்த் திரும்பப் பிடுங்கு."

போய்ப் பிடுங்கினேன்.